யார் மார்புக்கு நேராக

மரங்கள் இளைத்துப் போயிருந்தன. இதை நான் சொல்லவில்லை, டேப் சொன்னது. நானூற்றுப் பன்னிரண்டு மரங்களை மூன்று வாரம் தனியாளாக அட்டைக்கடியோடு சுற்றிச் சுற்றி அளந்து, எண்களைக் கணினியில் ஏற்றிவிட்டுப் பார்த்தால், போன வருடத்தைவிடச் சராசரியாக ஒன்றரை சென்டிமீட்டர் சுற்றளவு குறைந்திருந்தது. மனிதன் இளைப்பான், மாடு இளைக்கும். மரம் இளைத்து நான் கேள்விப்பட்டதே இல்லை.

எங்கள் ஆபீசரும் கேள்விப்பட்டதில்லை. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஏணி, இது என்ன கூத்து? மரமெல்லாம் டயட்ல இருக்குதா?"

ஏணி என்பது நான்தான். ஆறடிக்கு ஒரு விரல்தான் குறைவு. இந்த அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாளே, மேல் தட்டில் இருந்த பேட்டரிப் பெட்டியை நாற்காலி போடாமல் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு வந்த பெயர், இன்னும் போகவில்லை.

"எனக்கும் புரியல சார்."

"இன்னும் ரெண்டு வாரத்துல, வியாழக்கிழமை மதிப்பீட்டுக்கு ஆள் வர்றாங்க. இந்த எண்ணைக் காட்டினா நாடா காலி. தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன. இரண்டு பெரிய காடுகளுக்கு நடுவே ஒரு தோட்டக் கம்பெனியின் நிலம் இருந்தது. இந்தக் காட்டுக் குரங்கு அந்தக் காட்டுக்குப் போக வழியில்லை. அந்த நிலத்தில் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு, இருநூறு மீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டைக் கம்பெனி பத்து வருடத்துக்கு எங்களிடம் விட்டது. அதில் காட்டு மரங்களை நட்டோம். மேப்பில் பார்த்தால் பாவாடை நாடா மாதிரி மெல்லிசாகத் தெரியும் என்பதால் எல்லோருக்கும் அது நாடாதான். பத்து வருடம் முடியப் போகிறது. மரங்கள் வளர்கின்றன என்று மதிப்பீட்டில் வந்தால் இன்னும் இருபது வருடம் கிடைக்கும். இல்லையென்றால் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை வைப்பார்கள்.

"கேமராப் படத்தைக் காட்டலாமே சார்" என்றேன். ஐந்து வருடமாக அந்தப் படங்களைப் பிரித்துப் பெயர் போட்டவள் நான். மரத்தில் கட்டி வைத்த கேமராக்கள், எது குறுக்கே போனாலும் தாமாகவே படம் எடுக்கும். முதல் வருடம் எலி, எலி, எலி. அப்புறம் முள்ளம்பன்றி வந்தது, மரநாய் வந்தது. போன வருடம் ஒரு சிறுத்தை கேமராவை முகர்ந்து பார்த்து, தன் மூக்கை மட்டும் பெரிதாகப் படம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போயிற்று. மரம் இளைத்துக்கொண்டே போகும் காட்டுக்குள் இத்தனை விருந்தாளி எதற்கு வருகிறார்கள்?

"படம் மட்டும் போதாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. மரமும் வளரணும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்டார். "நிஜமாவே ஒவ்வொரு மரத்துக்கும் போனியா? இல்ல, உக்காந்த இடத்துல எழுதினியா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, காலைத் தூக்கி அவர் மேசை ஓரத்தில் வைத்தேன். கணுக்காலிலிருந்து முட்டி வரை அட்டை கடித்த தழும்புகள்.

"எண்ணிக்கோங்க சார். மரத்துக்கு ஒன்னாவது தேறும்."

அவர் எண்ணவில்லை. "சரி சரி, காலை இறக்கு. டேப்பு பழசா இருக்கும், இழுத்துப் போயிருக்கும். பாரு" என்று ஒதுங்கிக்கொண்டார். எனக்குக் கோபம் இறங்கியபோது உள்ளே வேறொன்று ஏறியது. என் கையால் அளந்த முதல் வருடத்திலேயே காடு சுருங்கியிருக்கிறது. என் கை செய்த காரியத்தால் அந்த மரங்கள் போய்விட்டால்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பை என் கணவரிடம் கொடுத்தேன். அவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, கொக்கிகளில் தொங்கும் பாதிச் சட்டைகள். எங்கள் அலுவலகக் காக்கிச் சட்டைகளையும் ஆரம்பத்திலிருந்து அவர்தான் தைக்கிறார். அளவு டேப் என்றால் அவருக்கு டாக்டருக்கு நாடி மாதிரி. என் டேப்பை மேசை மேல் நீட்டி, பக்கத்தில் இரும்பு ஸ்கேலை வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"டேப்பு மேல பழி போடாத. ஒரு நூல்கூட இழுக்கல."

"அப்போ மரம் இளைச்சிருக்கா?"

"எங்க வெச்சு அளந்த?"

"மார்பளவுலதான். ஃபாரத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு, மார்பளவுச் சுற்றளவுன்னு. மார்புக்கு நேரா டேப்பைக் கட்டணும்."

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். என்னை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். அவரைவிட நான் அரைச் சாண் உயரம். கல்யாணப் போட்டோவில் நான் செருப்பைக் கழற்றிவிட்டும் அவர் பூட்ஸ் போட்டும் நின்றோம், அப்படியும் தேறவில்லை.

"யார் மார்புக்கு நேரா?"

"என் மார்புக்குத்தான். வேற யார் மார்புக்கு?"

"போன வருஷம் அளந்தது யாரு?"

போன வருடமும் அதற்கு முந்தைய ஏழு வருடமும் அளந்தது முழம்.

முழம் என்பதும் பட்டப்பெயர்தான். ஐந்தடிக்கும் குறைவான மனிதர். நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து போனால் கேன்டீனில் டீ கொடுப்பவர் கிளாஸை வைத்துவிட்டுச் சிரிப்பார். முட்டி தேய்ந்துபோய் போன வருடம் வேலையை விட்டார். போகும்போது எனக்குக் கொடுத்த பயிற்சி மொத்தம் பத்து நிமிடம். "மார்புக்கு நேரா கட்டு. இழுக்காத. சரிவுல மேட்டுப் பக்கமா நில்லு. அவ்வளவுதான்."

"அடி மரம் பருத்திருக்கும், மேல போகப் போக மெலியும்" என்றார் என் கணவர், பேன்ட்டுத் துணியைக் காட்டிச் சொல்வது போல. "அவர் தொடையை அளந்தாரு, நீ முட்டியை அளந்திருக்க. ரெண்டையும் கழிச்சா, ஆளு இளைச்ச மாதிரிதான் தெரியும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினேன். "வலிக்குது" என்றார்.

திங்கட்கிழமை ஆபீசரிடம் சொன்னேன். அவர் அலமாரியின் அடியிலிருந்து கையேட்டை எடுத்தார். முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருந்தது. மார்பளவு உயரம் என்றால் தரையிலிருந்து நூற்று முப்பது சென்டிமீட்டர், அளப்பவர் யாராக இருந்தாலும்.

"இது எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

"எனக்கு யாரும் சொல்லல சார்."

"முழத்துக்குச் சொன்னேனே! முதல் வருஷமே சொன்னேன்."

அப்படியென்றால் முழம் தெரிந்தே செய்திருக்கிறார். அன்று மாலையே நானும் கணவரும் அவர் வீட்டுக்குப் போனோம். முட்டியில் சூடான துணியைக் கட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் முகம் மலர்ந்தது. விஷயத்தைச் சொன்னதும் சுண்டிப்போனது.

"எட்டு வருஷம் நான் அளந்தது தப்புன்னு சொல்ல வந்தியா?"

"தப்புன்னு சொல்லலண்ணே. எந்த உயரத்துல அளந்தீங்கன்னு தெரிஞ்சா போதும்."

"மார்பளவுன்னா மார்பளவு. எனக்கு மார்பு இல்லையா?"

டிவியை நிறுத்தினார். பிறகு அவரே சொன்னார், எங்களைப் பார்க்காமல், கட்டியிருந்த துணியைப் பார்த்தபடி.

"முதல் நாள் ஒரு குச்சி கொண்டாந்தாங்க. நூத்தி முப்பது. அதை எம்பக்கத்துல நிறுத்தினாங்க. தாடைக்கு வந்துச்சு. இதுதான் உனக்கு மார்பான்னு ஒருத்தன் கேட்டான். பத்து பேரு சிரிச்சாங்க. ஆபீசரும்தான். குச்சியைத் தூக்கி ஓடைல போட்டேன். அன்னைலேருந்து என் மார்புக்குத்தான் கட்டினேன். எட்டு வருஷம். ஒரு மரத்துலகூட மாத்தல."

சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "எங்கிட்ட இதை முப்பது தடவை சொல்லியாச்சு. சொல்ல வேண்டிய எடத்துல ஒரு தடவை சொல்லியிருக்கலாம்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தப் பத்துப் பேரில் நான் இல்லை, அப்போது நான் வேலைக்கே சேரவில்லை. ஆனால் சேர்ந்த நாளிலிருந்து அவரை முழம் என்றுதான் நானும் சொல்லிவந்தேன். அவரும் என்னை ஏணி என்றார், கணக்கு சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். உயரமானவளைக் கேலி செய்வதும் குள்ளமானவரைக் கேலி செய்வதும் ஒன்றல்ல என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"அண்ணே, தப்பு உங்க மேல இல்ல. நீங்க ஒரே எடத்துல அளந்தீங்க. எடம் மாறினது என்னாலதான். நீங்க வந்து மறுபடி அளந்தாத்தான் நாடா பொழைக்கும்."

"முட்டி வலிக்குது."

"தூக்கிட்டுப் போறேன்."

"நீ தூக்கினா மரத்து உச்சியைத்தான் அளக்கணும்" என்றார். அப்போதுதான் சிரித்தார். "வர்றேன். ஆனா எவனும் எம்பக்கத்துல குச்சி நிறுத்தக் கூடாது."

என் கணவர் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். "நான் குச்சி கொண்டாரலண்ணே. தையக்காரன். எல்லாருக்கும் எடுக்கற மாதிரி ஒரு அளவு எடுத்துக்கறேன். காட்டுக்குப் போற பூட்ஸையும், அந்தக் காக்கிச் சட்டையையும் போட்டுக்கிட்டு நில்லுங்க."

அவர் போட்டுக்கொண்டு நின்றார், கல்யாண மாப்பிள்ளை போல விறைப்பாக. டேப்பை மரத்தில் எங்கே கட்டுவீர்கள் என்று கேட்டதற்கு, யோசிக்காமல் சட்டையின் மூன்றாவது பொத்தானைத் தொட்டார். எட்டு வருடமும் ஒரே தையல், ஒரே இடத்தில் அதே பொத்தான். பொத்தானிலிருந்து தரைக்கு நூற்று நான்கு. என் கணவர் வாடிக்கையாளர் நோட்டில் அதை எழுதிக்கொண்டு, "நல்ல விரிஞ்ச மார்புண்ணே, சட்டை எடுப்பா நிக்குது" என்றார். கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வதுதான். ஆனாலும் அவர் கேட்டு மகிழ்ந்தார். பிறகு என்னையும் அளந்தார்கள். நூற்று முப்பத்து நான்கு. கையேட்டின்படி நானும் சரியில்லை.

மறுநாள் காலையிலிருந்து நாங்கள் மூன்று பேரும் நாடாவுக்குள் போனோம். கணவர் கடைக்கு விடுமுறைப் பலகை மாட்டிவிட்டார். முன்னால் அவர், சாக்பீஸோடு. நடுவில் அண்ணன், டேப்போடு. பின்னால் நான், நோட்டோடும் மடக்கு நாற்காலியோடும். ஒவ்வொரு மரத்துக்கும் அண்ணன் மேட்டுப் பக்கமாக நின்று, டேப்பைச் சுற்றி, மூன்றாவது பொத்தானுக்கு நேராகக் கொண்டுவந்து எண்ணைச் சொல்வார். கணவர் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார், கழுத்துக்குக் காலர் வெட்டுகிற மாதிரி கவனத்தோடு. அண்ணன் உட்கார்ந்து முட்டியைத் தடவுவார். நான் போன வருடத்து எண்ணை அவருக்குக் காட்டாமல் பக்கத்தில் எழுதுவேன்.

முதல் மரம்: போன வருடம் நாற்பத்தொன்று, இப்போது நாற்பத்து மூன்று. இரண்டாவது மரம் ஒன்றரை கூடுதல். ஆறாவது மரத்துக்கு வந்தபோது என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"வளர்ந்திருக்குண்ணே!"

"பின்ன? நான் வெச்ச மரம், வளராம என்ன பண்ணும்" என்றார். அவர் வைத்ததுதான். நடவு செய்த வருடமும் அவர்தான் இங்கே குழி தோண்டினார்.

மத்தியானத்தில் ஓடைக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எந்தக் கல்லின் பக்கம் குச்சியை எறிந்தார் என்று காட்டினார். அங்கே இப்போது தவளை உட்கார்ந்திருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் இந்த இடத்தில் நிழலுக்கு ஒரு குடைதான் இருந்ததாம். இப்போது சாப்பாட்டு டப்பாவின் மேல் வெயில் பட்டால் அதிசயம். ஒன்பது நாளும் எனக்குக் கால் வலித்தது, அட்டை கடித்தது, மழையில் நோட்டு நனைந்தது. ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்ததே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் நானூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. சராசரி இரண்டு சென்டிமீட்டர் வளர்ச்சி.

வியாழக்கிழமை வந்த மதிப்பீட்டாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. பேச்சு குறைவு, பேனா அதிகம். ஆபீசர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "புது எண்ணை மட்டும் காட்டு. பழைய கூத்தெல்லாம் எதுக்கு?" என்றார். நான் இரண்டு பட்டியலையும் கொண்டுபோய் அந்த அம்மா முன்னால் வைத்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். குச்சி, தாடை, பொத்தான், என் நூற்று முப்பத்து நான்கு, எல்லாம். மேசைக்கு அடியில் ஆபீசர் என் காலை மிதித்துக்கொண்டே இருந்தார். அட்டைக்கே அசராத கால் அது.

அந்த அம்மா பேனாவை மூடினார். "அதாவது, எட்டு வருஷத்துக் கணக்கும் ஒரு மனுஷனோட சட்டைப் பொத்தானை நம்பி நிக்குது."

"ஆமா மேடம்."

"அந்தப் பொத்தானை நான் எப்படி நம்பறது?"

ஆபீசர் கூரையைப் பார்த்தார். கதவோரம் நின்றிருந்த அண்ணன்தான் பேசினார்.

"வாங்க மேடம். சோதிச்சுப் பாருங்க."

நாடாவுக்குள் போனதும் அந்த அம்மா தானே பத்து மரங்களைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றிலும் சாக்பீஸ் கோட்டைத் தன் கைக்குட்டையால் தேய்த்து அழித்தார். என் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார். டேப்பில் எண்ணைத் தானே படிப்பதாகவும், அண்ணன் டேப்பைக் கட்டினால் போதும் என்றும் சொன்னார். என்னையும் கணவரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார்.

அண்ணன் முதல் மரத்துக்குப் போனார். முட்டி மடங்க மறுத்தது, மரத்தைப் பிடித்துக்கொண்டு மேட்டுப் பக்கம் ஏறினார். டேப்பைச் சுற்றினார். அந்த அம்மா குனிந்து படித்தார், நோட்டைப் பார்த்தார், அடுத்த மரத்தைக் காட்டினார். இரண்டாவது மரம். மூன்றாவது. கணவரின் முழங்கையை நசுக்கிக்கொண்டிருந்தேன். ஏழாவது மரத்தில் தலைக்கு மேல் உஸ் உஸ் என்று பெரிய சத்தம். இரண்டு இருவாச்சிப் பறவைகள், பெரிய அலகோடு, நாடாவின் நீளத்துக்கு இந்தக் காட்டிலிருந்து அந்தக் காட்டை நோக்கிப் பறந்து போயின. அந்த அம்மா அண்ணாந்து பார்த்தார், ஆபீசர் பார்த்தார், நாங்கள் பார்த்தோம். அண்ணன் மட்டும் பார்க்கவில்லை. அவர் டேப்பைப் பொத்தானுக்கு நேராகப் பிடித்தபடி நின்றிருந்தார்.

பத்தாவது மரம் முடிந்ததும் அந்த அம்மா நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார்.

"பத்துலயும் வித்தியாசம் ரெண்டு மில்லிமீட்டர் தாண்டல" என்றார். "என்கிட்ட இருக்கற மெஷினே இதைவிட மோசம்."

அண்ணன் காக்கிச் சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஆபீசர் பக்கத்தில் போய், மடக்கு நாற்காலியைத் தானே விரித்துப் போட்டு, "உக்காருங்கண்ணே" என்றார். அவர் அண்ணே என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நாடாவுக்கு இன்னும் இருபது வருடம். கீழே ஒரு நிபந்தனை. எல்லா மரங்களிலும் இதுவரை அளந்துவந்த உயரத்திலேயே சிவப்புப் பெயின்டால் வளையம் போட வேண்டும், இனி யார் அளந்தாலும் அந்த வளையத்தில்தான் அளக்க வேண்டும், உயரம் நூற்று நான்கு சென்டிமீட்டர். கையேட்டில் இருக்கும் நூற்று முப்பதை இந்தக் காட்டில் யாரும் தொட வேண்டாம்.

வளையம் போடும் நாளில் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனோம். நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு மரங்களிலும் அவர் மூன்றாவது பொத்தான் உயரத்தில் சிவப்புக் கோடு. திரும்பிப் பார்த்தால் நாடா முழுக்க ஒரே மட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"டேப்பைக் கட்டிப் பாரு, வருதான்னு" என்றார் அண்ணன்.

நின்றபடி கட்டினேன். கோட்டுக்கு மேலே போயிற்று.

"நல்லா குனி, ஏணி."

குனிந்தேன்.